மணிக்கட்டில் ஒரு இடைவெளி

என் அண்ணிக்கு ஒரு கோளாறு உண்டு. யாராவது "சும்மாதான்" என்று பதில் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. சும்மா என்றால் என்ன, எதற்குச் சும்மா, நேற்றும் சும்மாதானா என்று குடைந்தெடுத்துவிடுவார். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே, கூடத்துக் கடிகாரம் ஏன் ஏழு நிமிடம் முன்னால் ஓடுகிறது என்று கேட்டார். வருடக்கணக்காக அந்தக் கடிகாரத்தைப் பார்த்து அரக்கப்பரக்கக் கிளம்பிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியதே இல்லை. அப்பா அதைச் சரிசெய்து வைத்துவிட்டு, "இனிமே எல்லாரும் நிம்மதியா லேட்டாப் போங்க" என்றார்.

அண்ணிக்கு அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அவர் அறைக்கு நேர் எதிரே, சீட்டு எழுதும் ஜன்னலில் நான். பெயர், வயது, எந்த இடத்தில் வலி என்று கேட்டு எழுதி உள்ளே அனுப்புவேன். உள்ளே போன ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் நான் எழுதாத அத்தனையும் அண்ணிக்குத் தெரிந்திருக்கும். கதவில் விரலை நசுக்கிக்கொண்டு வந்தவரிடம் அந்தக் கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா என்று கேட்பார். ஏணியிலிருந்து விழுந்தவரிடம், விழுவதற்கு முன்னால் கடைசியாக எதைப் பார்த்தீர்கள் என்று கேட்பார். அது எலும்புக்கு எதற்கு என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மருத்துவமனை முழுக்க அவருக்கு "ஏனக்கா" என்று பெயர். பெரிய டாக்டரே ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு அசடு வழிந்தார்.

எட்டு வயதில் சுவரேறிக் குதித்துக் கையை உடைத்துக்கொண்டாராம். எக்ஸ்ரே எடுத்த ஆள் படத்தைக் காட்டாமல், "சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும்?" என்று உறைக்குள் போட்டுவிட்டாராம். "என் கை, என் எலும்பு, எனக்குக் காட்ட மாட்டானாம்" என்று இப்போதும் சொல்லும்போது முகம் சிவக்கும். அந்த வைராக்கியத்தில்தான் இந்தப் படிப்புக்கே போனார் என்பது என் அண்ணனின் கணிப்பு. இன்றைக்கும் அவர் எடுக்கிற படத்தை நோயாளிக்குக் காட்டாமல் அனுப்பியதில்லை. அதனால் வரிசை நீளும், திட்டு வாங்குகிறவள் ஜன்னலில் இருக்கும் நான்.

இந்த வேலையில் வயது பார்க்கும் படம் என்று ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் ஐந்து மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒரு குழு இயங்குகிறது. வேலைக்கென்று கூட்டிவந்து அடைத்து வைத்திருக்கும் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து மீட்பது அவர்கள் வேலை. மீட்ட கையோடு கூட்டிவந்தவன் ஓடிவருவான், கையில் அடையாள அட்டைகளோடு. அட்டையில் எல்லோருக்கும் பத்தொன்பது வயது. ஒருமுறை பதினோரு பேருக்கு ஒரே பிறந்த தேதி. அந்தத் தேதியில் அந்த ஊரில் மனிதர்களுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது என்றேன் நான். அட்டையை நம்பமுடியாதபோது குழந்தைகள் நலக் குழு பிள்ளைகளை எங்களிடம் அனுப்பும். அண்ணி மணிக்கட்டைப் படம் எடுப்பார். வளர்கிற பிள்ளைக்கு எலும்பின் முனையில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். எலும்பு இன்னும் ஒட்டாத இடைவெளி அது. வளர்ந்து முடிந்தவர்களுக்கு அது மூடிவிடும். அதைப் பார்த்து டாக்டர், முன்னேபின்னே ஒன்றிரண்டு வருடம் இருக்கலாம் என்று சேர்த்து, வயதை எழுதுவார்.

அன்றைக்கு வந்தவர்கள் நாலு பெண்கள். இறால் உரிக்கும் கொட்டகை ஒன்றிலிருந்து காலையில்தான் மீட்டிருந்தார்கள். பனிக்கட்டித் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் பிளந்திருந்தது. கூட வந்தது மீட்புக் குழுவின் அதிகாரி. எப்போதும் ஜீப்பிலேயே சுற்றுவதால் நாங்கள் வைத்த பெயர் ஜீப்பம்மா. அவர்களுக்குப் பின்னாலேயே இஸ்திரி போட்ட சட்டையும் ரப்பர் பேண்டு போட்ட நாலு அட்டைகளுமாக, அவர்களை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரியும் வந்துவிட்டான். என் ஜன்னலுக்கு எதிர் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். நிச்சயதார்த்தத்துக்கு வந்தவன் மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

ஜீப்பம்மா என் காதருகே குனிந்தார். "அஞ்சு மணிக்குள்ள படமும் டாக்டர் கையெழுத்தும் நலக் குழு முன்னாடி இருக்கணும். படம் சரியா விழலேன்னா அட்டைதான் பேசும். பத்தொன்பது வயசுப் பொண்ணு நான் திரும்பிப் போறேன்னு சொன்னா என்னால தடுக்க முடியாது."

"போறேன்னு யாரு சொல்வா?"

"அந்த நெட்டையா நிக்கறாளே, அவ. காலையிலேருந்து அதையேதான் சொல்றா."

நாலு பேரில் மூத்தவள் போல் இருந்தாள். ஒடிசலான உயரம், இறுக்கிப் பின்னிய சடை. மற்ற மூவரும் அவளை நெட்டையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது என்ன என்று கேட்டேன். கேள்வி முடிவதற்குள், "பத்தொம்பது" என்றாள். அவ்வளவு வேகமாய் வயதைச் சொல்லும் பெண்ணை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை.

முதல் பெண் உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் அண்ணி கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். முகத்தில் அந்தப் பழைய களை. ஏதோ ஒன்று அவருக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

"படம் கலைஞ்சு போச்சு. கையை ஆட்டிட்டா" என்றார்.

இரண்டாமவளும் ஆட்டினாள். மூன்றாமவளும். அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் கண்கள் மின்னின.

"இருபத்திரண்டு வருஷமா கை படம் எடுக்கறேன். வலியில ஆட்டுவாங்க, இருமல்ல ஆட்டுவாங்க, பயத்துல ஆட்டுவாங்க. ஆனா மூணு பேரு ஒரே நேரத்துல, ஒரே மாதிரி, சுண்டி இழுத்த மாதிரி ஆட்டி நான் பாத்ததில்ல. இது பழக்கிக் குடுத்த ஆட்டு."

அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. எந்தச் சத்தத்தைக் கேட்டு ஆட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டேன் என்றார். எக்ஸ்ரே பொத்தானை முதலில் பாதி அழுத்துவார்கள். உள்ளே சக்கரம் சுழல ஆரம்பித்து உய்ங் என்று சத்தம் வரும். பிறகு முழுக்க அழுத்தினால்தான் படம் விழும். இந்தப் பிள்ளைகள் அந்த உய்ங் கேட்டதும் கையைச் சுண்டினார்கள்.

"அப்ப உய்ங்லயே நிறுத்தி வெச்சா?" என்றேன்.

"உனக்கும் மூளை இருக்குன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்றேன்" என்றார் அண்ணி.

முதல் பெண்ணை மறுபடி உட்காரவைத்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்தார். சத்தம் வந்தது, கை சுண்டியது. அண்ணி விடவில்லை. சத்தம் போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம்தான் ஒரு பிள்ளை கையைச் சுண்டிக்கொண்டிருக்கும்? படம் கெட்டுப்போயிருக்கும் என்ற நிம்மதியில் கை மெல்ல மேசையில் அமர்ந்தது. அந்த நொடியில் முழுக்க அழுத்தினார். மூன்று பேருக்கும் படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. மணிக்கட்டில் கறுப்புக் கோடு, மூன்று பேருக்கும்.

நெட்டையிடம் அது பலிக்கவில்லை. அவள் கை ஓயவே இல்லை. பொத்தானை விட்ட பிறகும் ஆடிக்கொண்டேயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்த்துக் கொட்ட, ஒரு வேலையைச் செய்வது மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள். மணி இரண்டரை. நாலு படம் வீணாகிவிட்டது. வாசலில் நின்ற பெண் காவலர், "பட்டை போட்டுக் கட்டிருங்க மேடம், குழந்தைங்களுக்குக் கட்டுவீங்கள்ல" என்றார். கட்டலாம்தான், பட்டை அலமாரியில் இருந்தது.

"அவளக் கட்டி வெச்சது போதும்" என்று அண்ணி காவலரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் மேசை ஓரமாக நின்றேன்.

அண்ணி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணு தெரியணும். கோவமே இல்ல, தெரிஞ்சுக்கணும் அவ்ளோதான். இந்த ஐடியா யாரோடது? நல்ல ஐடியா. உய்ங் கேட்டா ஆட்டணும்னு சொல்ல, ஒருத்தனுக்கு இந்த மெஷினப் பத்தித் தெரிஞ்சிருக்கணும். எக்ஸ்ரே வேல பாத்தவனா?"

அதட்டலுக்குத் தயாராக இருந்த பெண்ணுக்குப் பாராட்டு வந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "மேஸ்திரி பழக்கினாரு" என்றாள். "போன தடவ புடிச்சப்ப ஒரு பொண்ணு பயத்துல ஆட்டிருச்சாம். அது படம் மட்டும் விழலையாம், விட்டுட்டாங்களாம். அப்புறம் எல்லாருக்கும் வரிசையா நிக்க வெச்சுப் பழக்கினாரு. வாயாலயே உய்ங்னு சத்தம் போடுவாரு."

வாயாலேயே. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை வெளியே போய் நாலு அறை விடலாம் என்றும் வந்தது.

"சரி, அவங்க மூணு பேரும் ஒரு தடவ சுண்டிட்டு நிறுத்திட்டாங்க. நீ மட்டும் ஏன் நிறுத்தல? உனக்குப் பத்தொம்பதா இருக்கறதுல அப்படி என்ன ஆசை?"

அண்ணி எழுந்து வெளிச்சப் பெட்டியில் இரண்டு படங்களை மாட்டினார். ஒன்று அவருடைய சொந்தக் கை, எப்போதோ மெஷினைச் சோதிக்க எடுத்தது. இன்னொன்று, அன்றைக்கு எடுத்த மூவரில் ஒருத்தியுடையது. "இது என் கை. இங்க பாரு, கோடே இல்ல. இனிமே என்ன சாப்பிட்டாலும் அகலமாத்தான் வளர முடியும். இது உன் கூட்டாளி கை. இந்த எடத்துல கறுப்பா ஒரு சந்து தெரியுதா? இதுலேருந்துதான் எலும்பு வளருது. சந்து இருந்தா பிள்ள. இல்லேன்னா பெரியவங்க."

நெட்டையின் கை ஆடுவது நின்றிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. படத்துக்குக் கிட்டே போய் மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தாள். அந்தக் கணத்தில் அவள் கையைப் பிடித்து மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தியிருந்தால் படம் விழுந்திருக்கும். எனக்கு அந்த ஆசை வந்தது, ஒளிக்கவில்லை. அண்ணிக்கும் வந்திருக்கும். ஆனால் அவர் அசையவில்லை.

"ரொம்பச் சின்னப் பிள்ளையா இருந்தா இந்தச் சந்து இன்னும் பெருசா இருக்குமா?" என்று கேட்டாள் நெட்டை.

"இருக்கும். எவ்ளோ சின்னப் பிள்ள?"

அவள் கை தன்னையறியாமல் இறங்கி இடுப்புக்கு மேலே காற்றில் நின்றது. ஒரு தலை இருக்க வேண்டிய உயரம் அது. உடனே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அண்ணி மெதுவாகக் கேட்டார். "தங்கச்சியா?"

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. தங்கைதான். பொடிசு என்று கூப்பிடுவார்களாம். அதிகாரிகள் வருகிறார்கள் என்று துப்பு வந்தால் இடுப்பு உயரப் பிள்ளைகளை மட்டும் மீன் ஏற்றும் பெட்டி வண்டியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தி ஓட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். அடங்கியதும் போன் செய்தால் வண்டி திரும்பி வரும். இன்று காலையும் அப்படித்தான். "நீ பத்தொம்பதுன்னு ஆகித் திரும்பி வந்தா பொடிசு இருப்பா. பிள்ளைன்னு எழுதிட்டாங்கன்னா வண்டி வேற பக்கம் போயிரும், அப்புறம் சாகற வரைக்கும் தேடிக்கோ" என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறான். அதனால்தான் கை ஓயவில்லை.

இந்த இடத்தில் நானாக இருந்தால் அழுதுகொண்டு வெளியே ஓடி எல்லோருக்கும் கேட்கும்படி கத்தியிருப்பேன், மேஸ்திரியும் போனை எடுத்திருப்பான். அண்ணி தாளை எடுத்தார். கேள்வி கேட்பதில் அவருக்கு இருக்கும் சாமர்த்தியத்தை நான் அதுவரை தொல்லை என்றுதான் நினைத்திருந்தேன். வண்டி என்ன நிறம்? வெள்ளை. எல்லா வண்டியும் வெள்ளைதான், இதில் என்ன வேறு? பின்கதவில் ஒரு பக்கத்துத் தாழ்ப்பாள் உடைந்து நீலக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். உள்ளே உட்கார்ந்தால் என்ன கேட்கும்? பொடிசு சொல்லியிருக்கிறாள், கொஞ்ச நேரம் போனதும் அடியில் கடகடவென்று இரும்புச் சத்தம் ரொம்ப நேரம் வரும், அப்புறம் வண்டி நின்றுவிடும், அதன்பிறகு தண்ணீர் இரைச்சல். எத்தனை பேர் உட்காருவார்கள்? ஏழு. வெளிச்சம் வருமா? மேலே விரல் நுழையும் ஓட்டை ஒன்று உண்டு, முறை வைத்துக்கொண்டு மூக்கை வைப்பார்களாம்.

கடைசி பதிலை எழுதும்போது அண்ணியின் பேனா நின்றது. பிறகு மடமடவென்று முடித்து, தாளை என் கையில் திணித்தார். "ஜீப்பம்மாகிட்ட குடு, சும்மா ஒரு சீட்டு குடுக்கற மாதிரி. அந்த ஆளு போனைத் தொடாமப் பாத்துக்க."

எப்படிப் பார்த்துக்கொள்வது? எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் படிவம். மேஸ்திரியை ஜன்னலுக்குக் கூப்பிட்டு, கூட வந்தவர் விவரம் மூன்று பிரதி எழுதவேண்டும் என்றேன். அவன் பெயர், அப்பா பெயர், அப்பாவுக்கு அப்பா பெயர், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி, இரண்டும் ஒன்றென்றால் ஏன் ஒன்று. கறுப்பு மையில் எழுதியதை நீல மையில் எழுதச் சொன்னேன். நீலத்தில் எழுதியதும், கையெழுத்து புரியவில்லை என்றேன். போன் அடித்தது, எடுக்கப் போனான். "எக்ஸ்ரே ரூம் பக்கத்துல போன் பேசினா மெஷின் கெட்டுடும் சார், கெட்டா உங்க பேர்லதான் எழுதணும்" என்றேன். அப்படி எந்த விதியும் கிடையாது. வாயால் உய்ங் சொல்லி ஊரை ஏமாற்றியவன் அதை அப்படியே நம்பி அணைத்து வைத்தான்.

தாளை வாங்கிக்கொண்ட ஜீப்பம்மா மாடிப்படிக்கு அடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அடியில் கடகடக்கும் இரும்பு என்றால் தகடு போட்ட பழைய பாலம். அது அடுத்த மாவட்டத்து எல்லையில்தான் இருக்கிறது, தாண்டினால் அணை. இந்த மாவட்டத்து ஆள் அந்த மாவட்டத்து ஆளுக்குச் சொல்லி, அவர் அணைக்கட்டுக் காவலருக்குச் சொல்லி, நீலக் கயிறு கட்டிய வெள்ளை வண்டி ஒவ்வொரு வாயாய்க் கைமாறிப் போனது. மூன்றேகால். மூன்றரை. நெட்டை எக்ஸ்ரே அறையில் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே இருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "கெடைக்கலேன்னா நான் பத்தொம்பதுதான்" என்று இரண்டு முறை சொன்னாள். அண்ணி, "சரி" என்று மட்டும் சொன்னார்.

மூன்று ஐம்பதுக்கு ஜீப்பம்மா உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. "ஏழு பேரு. எல்லாருக்கும் உசுரு இருக்கு. நீலக் கயிறப் பாத்துதான் நிறுத்தினாங்களாம்." போனை நெட்டையின் காதில் வைத்தார். அந்தப் பக்கம் பொடிசு. கேட்டு முடித்து, போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு தானாகவே மேசையில் இடக்கையை விரித்து வைத்தாள். உய்ங் என்ற சத்தத்துக்குக் கண் மட்டும் இமைத்தது. பதினாலு வயது என்று டாக்டர் எழுதினார். நாலு ஐம்பதுக்கு நலக் குழு முன்னால் படங்களும் தாள்களும் போய்ச் சேர்ந்தன. மேஸ்திரி மூன்றாவது பிரதியின் இரண்டாம் பக்கத்தில் இருந்தபோது இரண்டு காவலர்கள் அவனுக்கு இருபுறமும் வந்து நின்றார்கள்.

மறுநாள் காலை பொடிசு வந்தாள், அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. மேசை எட்டவில்லை. என்னுடைய தடித்த பதிவேடுகள் இரண்டை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்காரவைத்தோம். அந்தக் கையில் விரல்கள் நெட்டையின் விரல்களைவிட மோசமாகப் பிளந்திருந்தன. சின்ன இறாலுக்குச் சின்ன விரல்தான் வேகம் என்று சொல்வார்களாம். படம் ஒரே தடவையில் விழுந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஏழு, மிஞ்சினால் எட்டு என்றார்.

அண்ணி வழக்கம்போல் படத்தை வெளிச்சத்தில் மாட்டி நெட்டையைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்று பார்த்தாள். மணிக்கட்டில் சின்னச் சின்னதாய், ஒன்றையொன்று தொடாமல் மிதக்கும் எலும்புகள். ஒவ்வொரு விரலிலும் சந்து.

"இவளுக்குப் பத்துன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "விடியறதுக்கு முன்னாடி தெனம் நான்தான் இவள எழுப்புவேன். எந்திரிக்கவே மாட்டா. கிள்ளி எழுப்புவேன். சோம்பேறி, எருமைன்னு திட்டுவேன். மேஸ்திரி வந்து அடிக்கறதுக்கு முன்னாடி நானே எழுப்பிரணும்னு. இவ்ளோ சின்னதுன்னு எனக்குத் தெரியாதுக்கா."

அண்ணி உறையிலிருந்து நேற்றைய படத்தின் பிரதியை எடுத்து அதன் பக்கத்தில் மாட்டினார். "இது யாரு கை?"

"என்னது."

"இங்க என்ன தெரியுது?"

நெட்டை பார்த்தாள். கறுப்புக் கோடு தெரிந்தது.

"அவள எழுப்பினதும் ஒரு பிள்ளதான்" என்றார் அண்ணி.

அப்போதுதான் அவள் அழுதாள். இரண்டு நாளில் முதல்முறையாக, சின்னப் பிள்ளைகள் அழுவது மாதிரி வாயைத் திறந்து சத்தமாக. வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். நான் போய், மெஷின் சூடாகிவிட்டது, அரைமணி ஆகும் என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். பொடிசு பதிவேடுகளிலிருந்து வழுக்கி இறங்கி, அக்காவையும் வெளிச்சத்தில் தெரிந்த எலும்புகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"எதுக்கு அழுற? என் கை ஒடஞ்சிருக்கா?"

நெட்டை புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணும் ஒடையல" என்றாள். "நாம ரெண்டு பேரும் இன்னும் வளரணுமாம்."